மேடம் லீவு விட்ட கதை

நான் இங்லிஷ் படிப்பிக்கிறவள். புத்தளத்துக்கு வெளியே, எல்லோரும் இன்னமும் 'கேம்ப்' என்றே சொல்கிற எங்கள் குடியிருப்பில், பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டில்தான் என் கல்லூரி. வாசலில் ஒரு போர்டு: தொண்ணூறு நாளில் சரளமான இங்லிஷ். அதை எழுதியவர், கீழே ஆங்கிலத்தில் போட்ட 'ஸ்போக்கன்' என்ற சொல்லில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார். ஆறு வருடமாக அது அப்படியேதான் நிற்கிறது. அதைக் கண்டுபிடித்து என்னிடம் சொன்ன மாணவர் இன்றுவரை ஒருவரும் இல்லை. என் படிப்பித்தலின் தரத்தை அதிலிருந்தே நீங்கள் விளங்கிக்கொள்ளலாம்.

ஆனால் முழுப் பழியையும் நான் ஏற்கமாட்டேன். பாதிப் பழி அந்தப் பாஷைக்கு. உலகத்தையே ஆண்ட ஆட்கள், சொல் என்று வரும்போது மட்டும் மகா கஞ்சர்கள். ஒரே சட்டியில் சோறும் ஆக்கி, கறியும் ஆக்கி, பிறகு அதிலேயே பிள்ளையையும் குளிப்பாட்டுகிற வீடு மாதிரி, ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாலு வேலை பார்க்கிறார்கள். தமிழ் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லைதான். கச்சான் என்றால் வைகாசி பிறந்ததும் எங்கள் கரையைப் போட்டு அடிக்கிற காற்று. கச்சான் என்றால் பஸ்சில் கடுதாசிச் சுருளில் சுற்றி விற்கிற நிலக்கடலையும்தான். ஆனால் காற்றைக் கேட்டவருக்குக் கடலையைக் கொடுத்து ஒருவருடைய வேலை போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. இங்லிஷில் போகும். எங்கள் வீட்டிலேயே போனது.

முதலில் என் வகுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நுரைச்சோலையிலிருந்து ஒரு வெங்காயத் தோட்டக்காரர் வந்து படித்தார். அவருடைய ஊரில் நிலக்கரி மின்நிலையம் இருக்கிறது. அதை யாரும் மின்நிலையம் என்று சொல்வதில்லை, 'பிளாண்ட்' என்றுதான் சொல்வார்கள். நான் புத்தகத்தில் உள்ளபடி, தினமும் காலையில் பிளாண்டுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்ற வசனத்தை வாசிக்கச் சொன்னேன். மனிதர் வாசிக்கவில்லை. யோசித்துக்கொண்டே இருந்தார்.

"மிஸ், பிளாண்டுக்கு நாங்க என்னத்துக்குத் தண்ணி ஊத்தணும்? அவங்களுக்குத்தான் பக்கத்திலயே கடல் இருக்கே."

செடிக்கும் அதுதான் பேர் என்று விளக்கினேன். தன் வாழ்நாள் முழுக்கச் செடி நட்ட மனிதர் அவர். சும்மா கதைக்காதீங்க மிஸ் என்பதுபோல என்னைப் பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை.

இனி மச்சானுக்கு வருகிறேன். மச்சான் என்றால் என் ராத்தாவின், அதாவது மூத்த சகோதரியின், கணவர். கேம்ப் சந்தியில் சின்னத் தேத்தண்ணிக் கடை ஒன்று போட்டிருந்தார். பாணும் பருப்பும் எல்லாக் கடையிலும் கிடைக்கும். மச்சானுடைய கடைக்கு ஆட்கள் வந்தது அப்பத்துக்குத்தான். ஓரம் மொறுமொறுவென்று, நடு மெத்தென்று, மஞ்சட்கரு உடையாத முட்டை அப்பம். கடையில் வருவது வீட்டுக்குப் போதாததால் மிச்ச நேரத்தில் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போவார். அவருக்கு இடுப்பில் ஒரு பழைய பிடிப்பு. தோட்டத்துக்குப் போய்வந்த இரவுகளில் ராத்தா கோடாலித் தைலத்தோடு உட்கார்ந்திருப்பா.

சண்டை முடிந்த பிறகு எங்கள் கரைக்கு வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். கற்பிட்டிப் பக்கம், ஆலங்குடாவில், ஒன்றன் பின் ஒன்றாக ஹோட்டல்கள் முளைத்தன. வந்தவர்கள் பட்டம் விட வந்தவர்கள். எங்கள் பிள்ளைகள் ஐந்து வயதில் விடுகிற பட்டத்தை இவர்கள் ஐம்பது வயதில் விட்டார்கள், அதுவும் இடுப்பில் கட்டிக்கொண்டு, காலுக்குக் கீழே ஒரு பலகையையும் வைத்துக்கொண்டு கடலுக்கு மேலே. கச்சான் அடித்தால் மீன்பிடிக்கிறவர் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டுக் காற்றைத் திட்டுவார். இவர்களோ அதே காற்றுக்கு விமானம் ஏறி வந்தார்கள். புத்தியுள்ளவர் யார் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

அந்த ஹோட்டல்களில் ஒன்றின் முதலாளி ஒரு வெள்ளைக்கார அம்மா. எல்லோரும் மேடம் என்போம். புத்தளம் டவுனுக்குச் சாமான் வாங்க வந்த ஒரு நாள், வழியில் மச்சானுடைய கடையில் நின்று நாலு முட்டை அப்பம் சாப்பிட்டுவிட்டு, ஐந்தாவதையும் கேட்டா. வேலை அந்த இடத்திலேயே பேசி முடிந்தது. காலைச் சாப்பாட்டு நேரத்தில் விருந்தாளிகளுக்கு முன்னால் நின்று அப்பம் சுடவேண்டும், அவர்கள் கேட்கிற கேள்விக்கு இங்லிஷில் பதில் சொல்லவேண்டும். மூன்று மாதம் பார்ப்பாவாம். சரிவந்தால் பேர்மனன்ட்.

பேர்மனன்ட். ராத்தா அந்தச் சொல்லை ஒரு கிழமை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தா. எங்கள் குடும்பத்துக்கு அது புதுச் சொல் இல்லை. அரசாங்கப் படிவம் எதை நிரப்பினாலும் அதில் இரண்டு கோடு இருக்கும். டெம்பரரி விலாசம், பேர்மனன்ட் விலாசம். தொண்ணூறில் இயக்கக்காரர்கள் முஸ்லிம்களான எங்களை ஊரைவிட்டு எழுப்ப, வள்ளங்களில் ஏறி, இதே கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியதிலிருந்து டெம்பரரியில் புத்தளம் என்றும் பேர்மனன்டில் மன்னார் என்றும் எழுதி வருகிறோம். இருபது வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கிற இடம் டெம்பரரி. இருபது வருடத்துக்கு மேலாகக் கால் வைக்காத இடம் பேர்மனன்ட். இதை எந்த அகராதியில் பார்த்து நான் படிப்பிப்பது? அப்படிப்பட்ட குடும்பத்தில் பேர்மனன்டாக ஒரு வேலை வரப்போகிறது என்றால் ராத்தா சப்பாமல் என்ன செய்வா. இனி மனுஷன் தோட்டத்தில் குனியவேண்டாம், எனக்கு அதுவே போதும் என்று சொல்லிச் சொல்லி அழுதா.

மச்சான் என் வகுப்பில் சேர்ந்தார். பின்வரிசை வாங்கில், உயர்தரம் படிக்கிற பிள்ளைகளுக்குப் பக்கத்தில், நாற்பது கடந்த ஒரு மனிதர் கொப்பியும் கையுமாக இருந்தார். வகுப்புக்குள் என்னை மிஸ் என்பார், வெளியே வந்ததும் மச்சி என்பார். ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. ஆள் கெட்டிக்காரர் என்று சொல்லமாட்டேன், ஆனால் விடாக்கண்டர். முட்டை, மா, தேங்காய்ப்பால் எல்லாவற்றையும் இரண்டே வாரத்தில் பாடமாக்கிவிட்டார்.

வேலைக்குப் போன மூன்றாம் நாளே முதல் வில்லங்கம் வந்தது. பலகையும் பட்டமுமாகக் கடலுக்குப் போன ஒரு விருந்தாளி, இன்றைக்குக் கரண்ட் பலமாக இருக்கிறதா என்று மச்சானைக் கேட்டிருக்கிறான். அவன் கேட்டது கடலின் நீரோட்டத்தை. நம்மாளுக்குக் கரண்ட் என்றால் ஒரே கரண்ட்தான். தெற்கே பார்த்தால் பிளாண்டின் புகைபோக்கி தெரிகிற இடத்தில் இருந்துகொண்டு, கிழமையில் மூன்று நாள் குப்பிவிளக்குக் கொளுத்துகிறவர்கள் நாங்கள். "நோ சேர், கரண்ட் கட். லெவன் டு வன்," என்று மச்சான் மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். பதினொரு மணியிலிருந்து ஒரு மணிவரை இந்தக் கடலில் நீரோட்டத்தை நிறுத்திவைக்கிறார்கள் என்று விளங்கிக்கொண்ட அந்த மேதை, நேரம் பார்த்துக் கடலில் இறங்கினான். கடல் அவனை அரைக் கட்டை தூரம் இழுத்துக்கொண்டுபோய்ப் போட்டது. பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு மணலில் நடந்து வந்தானாம். நல்லவேளை, சிரித்துக்கொண்டு வந்தான்.

அடுத்தது கேம்ப். நீ எங்கே இருக்கிறாய் என்று இன்னொருத்தி கேட்டாளாம். "கேம்ப், மிஸ்," என்றிருக்கிறார் மச்சான். எத்தனை நாளாக என்று கேட்டாளாம். இருபது வருடத்துக்கு மேல் என்றிருக்கிறார். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மற்ற மேசைக்காரர்களையும் கூப்பிட்டு, இதோ பாருங்கள், இந்த மனிதர் இருபது வருடமாகக் கடற்கரையில் கூடாரம் அடித்து வாழ்கிறார், இதுதான் என் கனவு என்று சொன்னாளாம்.

"அவட கனவாம் மச்சி," என்று மச்சான் என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னார்.

"கனவுதானே, காணட்டும். வந்த புதுசில கக்கூசுக்கு நாங்க நிண்ட வரிசையையும் சொல்லியிருக்கலாமே."

"அதுக்கு இங்லிஷ் தெரியாதே," என்றார்.

இப்படியே இரண்டரை மாதம் ஓடியது. மேடத்துக்கு மச்சானைப் பிடித்துப்போயிற்று. அப்பம் சுடுகிற மேசைக்கு முன்னால் கூட்டம் நின்றது. இன்னும் இரண்டே கிழமைதான் பேர்மனன்டுக்கு. அந்த நேரம் பார்த்து மன்னாரிலிருந்து செய்தி வந்தது. மீளக் குடியேற விரும்புகிறவர்கள் தங்கள் காணியைத் துப்புரவாக்கி, கிராம சேவகர் பார்க்க வருகிற நாளில் காணியில் நிற்கவேண்டும். நிற்காதவர்களின் காணி பற்றிப் பிறகு யோசிக்கப்படும். அந்தப் 'பிறகு' என்ற தமிழ்ச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். மச்சானுக்கு அவருடைய உம்மாவின் பெயரில் அங்கே ஒரு காணி. மூன்று நாள் வேண்டும்.

"போய் லீவு கேளுங்க," என்றேன் நான். "மேடம், ஐ வோன்ட் திரீ டேஸ் லீவ். அவ்வளவுதான். இதில படிக்க ஒண்டுமில்ல, லீவு எண்டா இங்லிஷிலயும் லீவுதான்."

இதைச் சொன்னபோது நான் நாற்காலியில் சாய்ந்து இருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெரிய பண்டிதை.

அந்த வசனத்தை மச்சான் நாலு நாள் பாடமாக்கினார். அப்பம் சுடுகிற தாச்சிச் சட்டியைப் பார்த்துச் சொன்னார், ராத்தாவைப் பார்த்துச் சொன்னார், ஆட்டுக்குக் குழை போடும்போதும் சொன்னார். ஐந்தாம் நாள் பகல் சாப்பாட்டு நேரத்துக்கே வேலையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். முகமெல்லாம் பல்.

"மேடம் லீவு விட்டுட்டா மச்சி. ஒருக்கா இல்ல, ரெண்டு தரம் சொன்னா. கடைசியில ப்ளீஸும் போட்டா."

லீவு கொடுக்கிறவர் எதற்குக் கெஞ்சவேண்டும் என்று எனக்கு ஓர் எறும்பளவு சந்தேகம்கூட வரவில்லை. வெள்ளைக்காரர்களின் பண்பாடு அது என்று ராத்தாவுக்கு விளக்கம் வேறு கொடுத்தேன்.

அன்று பின்னேரமே ஒரு வேன் பிடித்து எல்லோரும் மன்னாருக்குப் போனோம். காணி இருந்த இடத்தில் காடு இருந்தது. உடைமரமும் நாயுண்ணிப் பற்றையும் வெட்டி வெட்டி என் கை கிழிந்தது. கிணறு எங்கே என்று தேடியதில் ஒரு முழு நாள் போயிற்று. மச்சானுடைய போன் முதல் நாளே உயிரை விட்டது, அங்கே சார்ஜ் போட ஒரு வீடும் இல்லை. மூன்றாம் நாள் கிராம சேவகர் வந்தார், கொப்பியில் ஏதோ எழுதினார், பார்ப்போம் என்றார், மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். இருபது வருடத்துக்குப் பிறகு சொந்த மண்ணில் கால் வைத்தபோது மனதில் என்ன தோன்றியது என்று யாராவது கேட்டால், முள் குத்தியது என்பேன். அதற்கு மேல் கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

திரும்பி வந்ததன் மறுநாள் காலையில், மேடத்துக்கென்று மன்னாரில் வாங்கிய ஓர் ஓலைக் குட்டான் பனங்கட்டியோடு மச்சான் வேலைக்குப் போனார். ஒன்பது மணிக்கெல்லாம் அதே குட்டானோடு திரும்பி வந்து வாசலில் நின்றார்.

"வேற ஒருத்தன் நிக்கிறான் மச்சி. என்ட தாச்சிக்கு முன்னால."

ராத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே இருந்தா. நான் மச்சானை வக்கீல் மாதிரி விசாரித்தேன். மேடத்தோடு பேசினீங்களா? இல்லை, வெட்கத்தில் திரும்பி வந்துவிட்டார். லீவு கேட்ட அன்றைக்கு உண்மையில் என்ன நடந்தது? தரையைப் பார்த்துக்கொண்டே உள்ளதைச் சொன்னார். லீவு கேட்கிற பதற்றத்தில், வசனம் பாதி வாயில் இருக்கும்போதே, அவருடைய முழங்கை பட்டு, அப்ப மா வைத்திருந்த பெரிய பீங்கான் பாத்திரம் விழுந்து நொறுங்கியிருக்கிறது. மேடத்தின் தாய் வழியில் வந்த பாத்திரமாம். அவர் குனிந்து துண்டுகளைப் பொறுக்கத் தொடங்க, மேடம் கையை வெளியே வெளியே என்று வீசிக்கொண்டு ஓடி வந்து, லீவ், லீவ், ப்ளீஸ் என்று கத்தியிருக்கிறா. இவர் தேங்க்யூ மேடம், வெரி குட் மேடம் என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

எனக்கு உச்சந்தலையில் குட்டியது போல இருந்தது. "மச்சான், லீவ் எண்டா வெளிய போ எண்டும் அர்த்தம் இருக்கு. உங்கள வேலையால நிப்பாட்டியிருக்கிறா. நீங்க தேங்க்யூ சொல்லிட்டு வந்திருக்கிறீங்க."

ராத்தா அப்போதுதான் வாயைத் திறந்தா. மச்சானைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து.

"நீதானே படிப்பிச்ச? ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம்தான் இந்த மாசமா, மற்றது அடுத்த மாசப் பாடமா?"

 அபாயாவை மாட்டிக்கொண்டு குட்டானும் கையுமாக நின்ற மச்சானையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டேன். கற்பிட்டி பஸ்சில் ஒன்றரை மணி நேரம் என் சொற்பொழிவைத் தயாரித்தேன். ஒரு பாத்திரத்துக்காக ஒரு மனிதனைத் துரத்துவது எந்த ஊர் நியாயம் என்று தொடங்கி, உழைப்பாளியின் கண்ணியம் வரை போகிற சொற்பொழிவு. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆலங்குடாச் சந்தியில் இறங்கி ஓட்டோ பிடித்து, மணலில் இரண்டு தரம் இறங்கித் தள்ளி, ஹோட்டல் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மேடம் மச்சானைக் கண்டதும் கையில் இருந்த கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வந்தா. அவ பேச முன்னமே நான் தொடங்கிவிட்டேன். ஒரு மூச்சில் கண்ணியம் வரை போய்ச் சேர்ந்தேன். மேடம் இடையில் குறுக்கிடவே இல்லை. முடிந்த பிறகு, மிகவும் மெதுவாக, நான் இவரைப் போகச் சொல்லவே இல்லையே என்றா. கையில் கண்ணாடித்துண்டு போலக் குத்திவிடுமே என்று பயந்து, அதை விட்டுவிடுங்கள் என்றல்லவா சொன்னேன் என்றா.

லீவ் இட்.

அவ போ என்றும் சொல்லவில்லை, லீவு என்றும் சொல்லவில்லை. அதை விடு என்று சொல்லியிருக்கிறா. இரண்டெழுத்துச் சொல் அந்த 'இட்'. இரண்டாம் பாடத்திலேயே 'அது' என்று எழுதிப்போட்டு நான் தாண்டிப் போகிற சொல். அதை மச்சானுடைய காது தமிழாகவே வாங்கிக்கொண்டது. லீவிட், லீவிட் என்று மேடம் கத்த, லீவு விட்டாச்சு, லீவு விட்டாச்சு என்று இவருக்குக் கேட்டிருக்கிறது. பள்ளிக்கூடம் படித்த காலத்திலிருந்து இவர் கேட்டு மகிழ்ந்த வார்த்தை அல்லவா? வீட்டுக்கு வந்து எங்களிடம் சொல்லும்போது அந்த வாலையும் வெட்டி எறிந்துவிட்டார். நான், படித்த பண்டிதை, மிச்சத்தை வைத்துக்கொண்டு மனிதரை வேலையாலேயே நிறுத்திவிட்டேன். மூன்று பேர், மூன்று அர்த்தம். ஒரு பாத்திரம்தான் உடைந்தது.

துண்டுகளைக் கூட்டி அள்ளத் தும்புத்தடி எடுத்துவரப் போகிறார் என்று நினைத்தாவாம் மேடம். தும்புத்தடி என்ன மன்னாரிலா இருக்கிறது? போன் எடுத்துப் பார்த்தாவாம், லைன் கிடைக்கவில்லையாம். இரண்டு நாள் விருந்தாளிகள் பாணும் பட்டரும் சாப்பிட்டுவிட்டு முறைத்தார்களாம். மூன்றாம் நாள் வேறு ஆளை எடுத்துவிட்டா. ஏன் சொல்லாமல் போனீர்கள், எங்கே போனீர்கள் என்று மச்சானைக் கேட்டா. கோபமாகக் கேட்கவில்லை. மனம் நொந்து கேட்டா.

ஊருக்கு, தன்னுடைய வீட்டுக்குப் போனார் என்று நான் சொன்னேன். வீடு இங்கே கேம்பில் அல்லவா இருக்கிறது என்றா. அது வேறு, சொந்த ஊர் மன்னார் என்றேன். அப்படியானால் அங்கிருந்து ஏன் வெளியேறினீர்கள் என்று கேட்டா. கேட்டதற்கு அவ பாவித்த சொல்லும் அதுதான். லீவ்.

தொண்ணூறு நாளில் சரளமான இங்லிஷ் படிப்பிக்கிற நான் வாயைத் திறந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. அந்த வள்ளத்தில் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. வினைச்சொல் எது, எழுவாய் எது என்று ஒன்றும் கையில் அகப்படவில்லை. கதைத்தது மச்சான்.

"தென் ஆல்சோ தே சே லீவ், மேடம்," என்றார். அப்போதும் எங்களிடம் இதைத்தான் சொன்னார்கள் என்று. "ஐ திங்க், திரீ டேஸ் ஒன்லி. மை மதர், ஹென், திரீ டேஸ் ரைஸ் புட். தென் கம்."

அவருடைய உம்மா கோழிகளுக்கு மூன்று நாளுக்கு அரிசி போட்டுவிட்டுத்தான் வள்ளத்தில் ஏறினாவாம். என் ராத்தாவைக் கட்டி இவ்வளவு காலம், இதை எங்களில் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்ல இவருக்கு இங்லிஷ் தேவைப்பட்டிருக்கிறது.

மேடம் அந்த மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றா. கண் கலங்கிவிட்டது. பிறகு நிமிர்ந்து, சரி, நாளைக்கு நீங்கள் வேலைக்கு வாருங்கள், பேர்மனன்டாகவே வாருங்கள், புது ஆளை நான் போகச் சொல்லிவிடுகிறேன் என்றா. ஐ வில் டெல் ஹிம் டு லீவ். இந்தத் தடவை எனக்கு ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. என் மனதில் ராத்தாவின் முகம் வந்து நின்றது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

மச்சான் புது ஆளைத் திரும்பிப் பார்த்தார். கற்பிட்டிக் கடற்கரைக் கத்தோலிக்க ஆள். வலை இழுக்கிற கயிறு சுற்றி இரண்டு விரல் போனவர், இனிக் கடலுக்குப் போகமுடியாது என்று இங்கே வந்தவர். எங்களுடைய கதை ஒன்றும் விளங்காமல், மிச்சம் இருந்த விரல்களால் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, எங்கள் மூவரையும் பார்த்துச் சிரித்தார். அவருடைய தாச்சியில் அப்பம் கருகிக்கொண்டிருந்தது.

"நோ மேடம்," என்றார் மச்சான். "லீவ் இட்."

நான் அவருடைய கையைப் பிடித்தேன். "மச்சான், விளங்கித்தான் சொன்னீங்களா?"

"விட்டிடுங்க எண்டுதானே?"

"ஓம்."

"அதத்தான் சொன்னன்."

நூற்றுக்கு நூறு. ஓர் எழுத்து விழுங்கவில்லை, அர்த்தம் பிசகவில்லை, இடம் தவறவில்லை. என் வகுப்பில் படித்த ஒருவர் இதைவிடச் சரியாக ஒரு வசனத்தை இன்றுவரை சொன்னதில்லை. எனக்கு அவரை அப்படியே கடலில் தள்ளிவிடலாம் போல இருந்தது. பனங்கட்டியை மேடத்திடம் கொடுத்தார். போகிற வழியில் அந்த மேசைக்குப் போய், நெருப்பைத் தணித்து, தாச்சியைக் கையில் எடுத்து எப்படிச் சுழற்றவேண்டும் என்று அந்த ஆளுக்கு இரண்டு தரம் காட்டிக் கொடுத்தார். மா சரியாகப் புளிக்கவில்லை என்று பஸ்சில் வரும்வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

வாசலில் ராத்தா நின்றா. என்ன நடந்தது என்று நான்தான் சொன்னேன். முழுவதையும் சொன்னேன், கோழிகளையும் சொன்னேன். ராத்தா இந்த மனிதரைக் கிழித்துத் தோரணம் கட்டப்போறா என்று எதிர்பார்த்தேன், கட்டவும் வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். அவ உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தா. கோப்பையை அவருடைய கையில் கொடுத்துவிட்டு, தைலப் போத்தலைத் தேடி எடுத்து ஜன்னல் கட்டில் வைத்தா.

மறுநாள் மச்சான் வெங்காயத் தோட்டத்துக்குப் போனார். அந்தக் கிழமை வகுப்புக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வருகிற வழியில், இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் கொட்டில் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே பிள்ளைகள் இருந்தார்கள்.

"என்ன மச்சான், வகுப்புக்கு வரல்ல?" என்று கேட்டேன்.

"லீவு, மிஸ்."

"எத்தின நாளைக்கு?"

"மூணு நாள்தான்," என்றார்.

அவருடைய பெயர் இன்னமும் என் வரவு இடாப்பில் இருக்கிறது.